வீட்டில் கரண்ட் போனால்: எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதும் புகார் கொடுப்பதும்

ஒரு மழை நாளில் இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் கரண்ட் போனது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. சரி, நம் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. வந்தவர் நேரே மீட்டர் பெட்டிக்குப் போனார். "மீட்டருக்கே கரண்ட் வரலைங்க. பக்கத்து வீட்டுல எரியுறது இன்வர்ட்டர்" என்றார்.

தெரு முழுக்கவே கரண்ட் இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதால் ஒருவருமே புகார் கொடுக்கவில்லை. பத்தரை மணிக்கு நான் கொடுத்ததுதான் முதல் புகார். அதற்கும் இணைப்பு எண் தெரியாமல், டார்ச் வெளிச்சத்தில் பழைய பில்லைத் தேடி, இரண்டாவது முறை அழைக்க வேண்டியிருந்தது. கரண்ட் வந்தபோது அதிகாலை மூன்று மணி. எட்டு மணிக்கே மீட்டரைப் பார்த்திருந்தால் எத்தனை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்!

அதற்குப் பிறகு லைன்மேன்களிடமும் எலக்ட்ரீஷியன்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். புது வீட்டுக்குக் குடிபோனவர்கள், முதல்முறையாகத் தனியாக வசிப்பவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு மீட்டருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? அந்தப் பக்கம், அதாவது கம்பத்திலிருந்து மீட்டர் வரை, பொதுவாக மின் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிவிட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு, வீட்டுக்காரர் செலவு. யாரைக் கூப்பிடுவது, யார் பணம் கொடுப்பது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்ததுதான்.

1. கரண்ட் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவை

இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும்.

கடைசியாக வந்த மின் பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் இணைப்பு எண், மீட்டர் எண், யார் பெயரில் இணைப்பு இருக்கிறது என்ற மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். வாடகை வீடு என்றால் பில் பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். புகார் கொடுக்கும்போது அந்தப் பெயரைக் கேட்பார்கள், உங்கள் பெயரை இல்லை.

புகார் எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். பெரும்பாலும் பில்லிலேயே அச்சிட்டிருப்பார்கள். நிறுவனத்தின் செயலி இருந்தால் இப்போதே இறக்கி, இணைப்பு எண்ணைச் சேர்த்து வையுங்கள். கரண்ட் போன பிறகு இணையம் தடுமாறும். ஓடிபி வருவதற்குள் பொறுமை போய்விடும்.

உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து வயர் வருகிறது என்று பாருங்கள். பல ஊர்களில் கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் வீடு தேடி வருபவருக்கு முகவரியைவிட இது அதிகம் உதவும்.

ஸ்விட்ச் பெட்டியில் எந்த எம்சிபி (சுமை மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, சின்னத் தாளில் எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் ஒட்டிய பிறகுதான் சமையலறையும் குளியலறை ஹீட்டரும் ஒரே எம்சிபியில் இருப்பதே தெரிந்தது.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போல மின்சாரத்தை நம்பிய மருத்துவக் கருவி இருந்தால், மருத்துவரிடம் சான்று வாங்கி மின் நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்தாலும் மாற்று ஏற்பாடு, அதாவது பேட்டரியோ சிலிண்டரோ, கையில் இருந்தே ஆக வேண்டும்.

2. எதையும் தொடுவதற்கு முன்

மூக்கும் காதும்தான் முதலில். பிளாஸ்டிக் எரிந்த வாடை வருகிறதா? ஸ்விட்ச் பெட்டியிலிருந்து 'ஸ்ஸ்' என்றோ படபடவென்றோ சத்தம் வருகிறதா? பெட்டியின் மூடி சுடுகிறதா? இதில் ஏதாவது இருந்து, மெயின் ஸ்விட்சைப் பாதுகாப்பாக எட்ட முடியும் என்றால் அதை அணையுங்கள். அதன்பிறகு நீங்களாகப் போட வேண்டாம். புகையோ நெருப்போ கண்ணில் பட்டால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள். மின் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தரையில் தண்ணீர் நிற்கிறதா? அதில் நின்றுகொண்டு ஸ்விட்ச் பெட்டியைத் தொடக் கூடாது. மெயின் ஸ்விட்சுக்குப் போக தண்ணீரைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் போகாதீர்கள். வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மின் நிறுவனத்தை அழையுங்கள்.

வெளியே வயர் அறுந்து கிடந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், மற்றவர்களையும் தள்ளி நிறுத்துங்கள். ஊரே இருட்டாக இருக்கிறதே, வயரில் என்ன கரண்ட் இருக்கப் போகிறது என்று நினைப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. லைன் துண்டிக்கப்பட்ட சில நொடிகளிலேயே தானாகத் திரும்ப இணைக்கும் கருவிகள் பல மின் பாதைகளில் உண்டு. யாராவது ஜெனரேட்டர் போட்டாலும் அந்த வயரில் கரண்ட் வரலாம்.

வயரைத் தொட்டால்தான் அடிக்கும் என்பதும் இல்லை. அது கிடக்கும் இடத்தைச் சுற்றி மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். ஒரு கால் ஓரிடத்திலும் மறுகால் கொஞ்சம் தள்ளியும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்த வேறுபாடு உடம்பு வழியாகப் பாயும். தெரியாமல் அருகே போய்விட்டால் ஓடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து வைத்து, தரையை விட்டுத் தூக்காமல், குட்டிக் குட்டியாகத் தேய்த்து நகர்ந்து வெளியே வாருங்கள். வயரைக் குச்சியால் தள்ளிவிடும் வேலை வேண்டவே வேண்டாம். ஈரக் குச்சி மின்சாரத்தைக் கடத்தும்.

3. அக்கம்பக்கத்தில் கேளுங்கள்

விளக்கு எரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஏமாந்தது அங்கேதான். இன்வர்ட்டர், சோலார் பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் உங்கள் கணக்கைக் குழப்பும். தெருவிளக்குகள் பல இடங்களில் தனி வயரில் வருவதால் அதையும் நம்ப முடியாது. கதவைத் தட்டியோ போனிலோ நேராகக் கேட்டுவிடுங்கள்: "உங்க வீட்டுல மெயின் கரண்ட் இருக்கா?"

அப்புறம், போனில் குறுஞ்செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்த மின்தடையாக இருக்கலாம். அப்படியானால் அறிவித்த நேரம் முடியும்வரை காத்திருக்கலாம். முடிந்தும் வரவில்லை என்றால் அது புகாருக்கு உரிய விஷயம்.

4. மீட்டரைப் பாருங்கள்

மீட்டர் திரை எரிந்தால் அதுவரை கரண்ட் வருகிறது என்று பொருள். திரை இருண்டிருந்தால் பெரும்பாலும் வரவில்லை. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சில மீட்டர்களில் உள்ளே பேட்டரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் கரண்ட் இல்லாமலும் திரை எரியும். பொத்தானைத் தொடாமல் முதலில் பார்ப்பது நல்லது.

மும்முனை இணைப்பு என்றால் திரையில் மூன்று முனைகளுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். அதில் ஒன்று மறைந்தோ மின்னிக்கொண்டோ இருந்தால் அந்த முனையில் கோளாறு. முன்பணம் கட்டும் மீட்டர் என்றால் இருப்புத் தொகை தீர்ந்துவிட்டதா, சாதாரண மீட்டர் என்றால் பில் கட்ட மறந்துவிட்டோமா என்றும் பாருங்கள்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டரிலும் அதற்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலும் உள்ள சீலை உடைக்கக் கூடாது. அங்கே உங்கள் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் கரண்ட் இருக்கும். உடைந்த சீல், மின்திருட்டு என்ற சந்தேகத்துக்கும் அபராதத்துக்கும் வழி வைக்கும். ஏற்கெனவே உடைந்திருந்தால் படம் எடுத்து, புகாரில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

5. மீட்டரில் கரண்ட் இருக்கிறது, வீட்டில் இல்லை

இப்போது கோளாறு உங்கள் பக்கம். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள். கைகள் உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும்.

மற்ற ஸ்விட்சுகள் மேலே இருக்க ஒன்று மட்டும் கீழே விழுந்திருந்தால் அதுதான் டிரிப் ஆனது, அதாவது தானாக அணைந்தது. சில வகைகள் முழுதாகக் கீழே வராமல் நடுவில் நிற்கும். அதை அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முதலில் நன்றாகக் கீழே அழுத்திவிட்டுப் பிறகு மேலே தள்ள வேண்டும். இது தெரியாமல் எம்சிபி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். உடனே மறுபடி விழுந்தால் நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளுவதும், கையால் பிடித்துக்கொண்டு நிற்பதும், 'அடிக்கடி விழுகிறதே' என்று அதிக ஆம்பியர் எம்சிபி மாற்றுவதும் வீட்டில் தீப்பிடிக்க வழி செய்யும். அது விழுவது வயர் எரியாமல் இருக்கத்தான்.

விழுந்தது எது என்பதையும் கவனியுங்கள். எம்சிபி விழுந்தால் அளவுக்கு மீறிய சுமை அல்லது ஷார்ட் சர்க்யூட். ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கலாம். டெஸ்ட் என்ற சிறு பொத்தானோடு அகலமாக இருக்கும் ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்கசிவு. சிலர் அதை ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள். வீடுகளில் வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் வகை. உயிரைக் காப்பாற்றுவது அதுதான். தொல்லையாக இருக்கிறது என்று அதைத் தாண்டி நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். எந்த எலக்ட்ரீஷியன் அப்படிச் செய்துதரச் சம்மதித்தாலும் அவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லா எம்சிபிகளையும் அணையுங்கள். ஆர்சிசிபியைப் போடுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வரிசையில்தான் பிரச்சினை. அந்த அறையில் செருகியிருக்கும் எல்லாச் சாதனங்களின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றால் சாதனத்தில் கோளாறு. அப்போதும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீஷியன் தேவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் போதும், ப்ளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை என்று நினைத்து ஒரு மதியம் முழுவதையும் வீணாக்கினேன். சுவர் ஸ்விட்ச் பெரும்பாலும் ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் வயரை, மட்டும்தான் துண்டிக்கும். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் இணைந்தே இருக்கும். சாதனத்துக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஆர்சிசிபி விழும். அதுவும் வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போதுதான் விழும் என்பதால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆகவே ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஒற்றைத் துருவ எம்சிபியும் இப்படித்தான், ஃபேஸை மட்டும் வெட்டும். எல்லா ப்ளக்கையும் பிடுங்கியும் காரணம் சிக்காமல் விழுந்துகொண்டே இருந்தால் நீங்கள் மேற்கொண்டு தேட வேண்டாம். தண்ணீர் ஹீட்டர், வெளிச்சுவர் விளக்கு, மோட்டார் இந்த மூன்றையும் முதலில் பார்க்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஈரம் படும் இடங்களில்தான் கசிவு அதிகம்.

டெஸ்டர், அதாவது கரண்ட் இருந்தால் உள்ளே சிறு விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர், பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். நியூட்ரல் அறுந்திருந்தால் டெஸ்டர் எரியும், ஃபேன் சுற்றாது. எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று நம்பி வயரைத் தொடுவதோ மிகவும் ஆபத்து.

6. பாதி வீட்டில் மட்டும் கரண்ட், அல்லது விளக்கு விசித்திரமாக எரிகிறது

மும்முனை இணைப்பில் ஒரு முனை போனால் சில அறைகள் மட்டும் இருட்டாகும். மீட்டரில் அந்த முனையும் இல்லை என்றால் மின் நிறுவனத்துக்குப் புகார்.

ஒரு அறையில் விளக்கு கண் கூசும்படி எரிந்து இன்னொன்றில் மங்கினால், அல்லது ஃபேன் திடீரென வேகமெடுத்தால், உடனே மெயினை அணையுங்கள். வெளியே நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட ஏறலாம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சில நொடிகளில் கருகிவிடும். புகார் சொல்லும்போது "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, நியூட்ரல் கோளாறு போலத் தெரிகிறது" என்று சொல்லுங்கள். இது அவசர வகை.

7. புகார் கொடுப்பது

மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று இருக்காதீர்கள். எத்தனை வீட்டிலிருந்து, எந்தெந்த முகவரியிலிருந்து புகார் வருகிறது என்பதை வைத்துத்தான் கோளாறு ஒரு வீட்டிலா, ஒரு டிரான்ஸ்பார்மரிலா, முழு லைனிலா என்று பல இடங்களில் கணிக்கிறார்கள். உங்கள் புகார் இல்லாவிட்டால், பெரிய லைனைச் சரிசெய்துவிட்டு கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் அறுந்ததைக் கவனிக்காமலேயே போய்விடக்கூடும்.

ஆபத்து இருந்தால் அதைத்தான் முதல் வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். நான் இப்போது இந்த வரிசையில் சொல்கிறேன், ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது:

"வயர் எதுவும் அறுந்து விழவில்லை. இணைப்பு எண் இது. இரவு 8 மணி 10 நிமிடத்திலிருந்து கரண்ட் இல்லை. மீட்டர் திரையும் இருண்டிருக்கிறது. வீட்டுக்குள் எதுவும் டிரிப் ஆகவில்லை. பக்கத்து இரண்டு வீடுகளிலும் இல்லை. கரண்ட் போகும் முன் கம்பத்துப் பக்கம் 'டப்' என்று சத்தம் கேட்டது. கம்பத்தின் எண் இது. அடையாளம் இது. என் தொடர்பு எண் இது."

மீட்டரையும் எம்சிபியையும் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்வதில் பெரிய பலன் இருக்கிறது. "முதலில் உங்கள் வீட்டு ஸ்விட்சைப் பாருங்கள்" என்று வைத்துவிட முடியாது.

வைப்பதற்கு முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: புகார் எண், உத்தேசமாக எப்போது சரியாகும் என்ற நேரம். அழைத்த நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு புகார் எண் வாங்காமல் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அழைத்தபோது "அப்படி எதுவும் பதிவாகவில்லையே" என்ற பதில் கிடைத்தது. வரிசையில் மறுபடி கடைசி.

சொன்ன நேரம் கடந்ததும் அதே எண்ணைச் சொல்லித் தொடர்ந்து கேளுங்கள். கால் மணிக்கு ஒரு முறை புதுப் புகார் போடாதீர்கள். தெருவில் மற்ற வீடுகளுக்குக் கரண்ட் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். அவர்கள் கணக்கில் உங்கள் புகார் முடிந்ததாகப் பதிவாகியிருக்கும்.

சமூக வலைத்தளத்தில் எழுதினால் இணைப்பு எண்ணையும் போன் எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். "மின் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று அழைக்கும் மோசடிக்காரர்களுக்கு அதுவே போதும்.

8. காத்திருக்கும்போது

ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும். மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஏசி எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வைத்தால் கரண்ட் வந்தது தெரியும்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்துமிடத்திலோ, பால்கனியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூங்குபவர் எழாமலே போய்விடுவார். கதவு ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். அதைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் குறுக்கு வழி வேண்டாம். அந்த மின்சாரம் லைனுக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மர் வழியே பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, உங்களுக்காகவே கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

இன்வர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் அதன் வயரில் கரண்ட் இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்தால் அதை முதலில் சொல்லி, அணைத்துக் காட்டுங்கள்.

9. செலவும் ரசீதும்

மீட்டர் வரையிலான பழுதைச் சரிசெய்ய வந்தவர் பணம் கேட்டால், எதற்கு என்று கேட்டு நிறுவனத்தின் ரசீது கேளுங்கள். சில இடங்களில், கோளாறு வீட்டுக்குள்தான் என்று தெரிந்தால் வந்ததற்குக் கட்டணம் போடுவார்கள். நான்காம் ஐந்தாம் படிகளைத் தவிர்க்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எலக்ட்ரீஷியன் என்றால் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். கூப்பிடும்போதே மூன்று கேளுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, இரவில் கூடுதலா, பொருள் விலை தனியா. டிரிப் ஆகாமல், வாடை வராமல், ஒரு அறை மட்டும் இருட்டு என்றால் அந்த எம்சிபியை அணைத்துவிட்டுக் காலைவரை பொறுக்கலாம். இரவுக் கட்டணம் மிச்சம். வாடை வந்தாலோ பெட்டி சுட்டாலோ பொறுக்கக் கூடாது. வாடகை வீட்டில் வேலை தொடங்கும் முன் உரிமையாளருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், பிறகு யார் பணம் என்ற பேச்சு வராது.

10. கரண்ட் திரும்பியதும்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முதலில் விளக்கு. வெளிச்சம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜும் ஏசியும் ஐந்து நிமிடம் கழித்து. கம்ப்ரெஸர் உடனே ஓடத் தொடங்கினால் திணறும். வெள்ளத்தில் நனைந்த ப்ளக் பாயின்ட்டையும் சாதனத்தையும் சோதிக்காமல் போடவே கூடாது.

சாதனம் ஏதாவது கருகியிருந்தால் அதைத் தூக்கி எறியாமல், பழுது பார்க்கவும் கொடுக்காமல் அப்படியே வையுங்கள். படம், வாங்கிய பில், புகார் எண், கரண்ட் போன நேரம், வந்த நேரம், வோல்டேஜ் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று பழுது பார்ப்பவர் சாதனத்தைச் சோதித்து மட்டும் எழுதித் தரும் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் சேருங்கள். நீண்ட மின்தடைக்கோ சாதன இழப்புக்கோ இழப்பீடு கோரும் வழி பல நாடுகளில் இருக்கிறது. வீட்டுக் காப்பீடு இருந்தால் அதிலும் கேட்கலாம். இரண்டுக்கும் கெடு நாள் உண்டு, அது குறுகியதாகவும் இருக்கலாம். மறுநாள் காலையிலேயே அழைத்து, கடைசித் தேதி எது, எந்தப் படிவம் என்று கேட்டு, அதையும் புகார் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.